பதினேழாம் துண்டுக்கு வந்த மஞ்சள் கடிதம்

சம்பளம் இல்லாமல் நெஞ்சிடி மட்டும் தரும் வேலை ஒன்று வேண்டுமென்றால், லண்டனில் ஒரு அலொட்மென்டுக்குச் செயலாளராகச் சேருங்கள். கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று எங்கேயாவது அந்தக் கதிரையில் இருந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அலொட்மென்ட் என்பது உள்ளூர்க் கவுன்சில், சனத்துக்குத் துண்டு துண்டாகக் குத்தகைக்குக் கொடுக்கும் தோட்டக் காணி. எங்களுடையது மிச்சம் என்ற பகுதியில், ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது துண்டு, நாற்பது குடும்பம், ஒரு கேற், இரண்டு தண்ணீர்ப் பைப். சின்னதொரு கமக்கார ஊர் என்றே வையுங்கள். ஊரென்றால் இருக்கவேண்டிய கோள், பொறாமை, கத்தரிக்காய்ப் பண்டமாற்று எல்லாம் குறைவில்லாமல் உண்டு. வெள்ளைக்காரர் பேசியதை என் தமிழில் தருகிறேன். உப்புப் புளி கொஞ்சம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் கோப்பு

எனக்கு முன் செயலாளராக இருந்தவர் ரொன், ஓய்வுபெற்ற தபால்காரர். புதுச் செயலாளரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் ஒருவரும் கை உயர்த்தவில்லை. நான் பக்கத்தில் இருந்தவருக்கு என் பூசணிக்காயின் பருமனைக் காட்ட இரண்டு கையையும் தூக்கி விரித்தேன். தெரிவாகிவிட்டேன். அந்தப் பூசணிக்காய் சும்மா காய் இல்லை. கற்விக் விமான நிலையத்துக்குப் போன விமானம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு, இறங்கலாமா என்று யோசித்துத் தாழப் பறந்ததை என் கண்ணால் கண்டேன்.

ரொன் கேற்றின் திறப்புச் சாவிக் கொத்தையும் கவுன்சில் தந்த தடித்த பச்சைக் கோப்பு ஒன்றையும் என் கையில் தந்தார். கோப்பை அன்றைக்கே என் கொட்டில் யன்னலுக்கு முட்டுக் கொடுத்தேன். அருமையான கோப்பு. ஆறு வருஷமாக எந்தக் காற்றுக்கும் யன்னல் அசையவில்லை. கேற்றடியில் நின்று ரொன் கடைசியாகச் சொன்னது இதுதான்: "திறப்பைத் துலைத்தாலும் பரவாயில்லை நடா, கோப்பை வாசி."

கரோலின் ஊர்

பதினாறாம் துண்டு கரோலுடையது. எழுபது வயது. அமெரிக்காவில் ஐயோவா என்ற சோளக் காட்டுக்குள் பிறந்து, லண்டன்காரர் ஒருவரைக் கட்டி, அவரை அடக்கம் செய்த பிறகும் இங்கேயே தங்கிவிட்ட மனிசி. அவருடைய ஊருக்கு ஒரே தெருவாம். ஒரு அந்தத்தில் தேவாலயம், மற்ற அந்தத்தில் தானியம் கொட்டிவைக்கும் கோபுரம். கோபுரம் தேவாலயத்தைவிடப் பத்து அடி உயரம் என்பதில் பாதிரியாருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மழை வருமா, ஆலங்கட்டி விழுமா என்று அண்ணாந்து பார்த்தே அந்தச் சனத்துக்குப் பிடரி நொந்துபோகுமாம்.

நான் விடுவேனா? வன்னியில் எனக்கு இரண்டாயிரம் ஏக்கர் வயல் இருந்தது, ஒரு மூலையில் விதைக்கத் தொடங்கி மற்ற மூலைக்குப் போய்ச் சேர முன்னம் முதல் மூலை அறுவடைக்கு வந்துவிடும் என்று சொன்னேன். கரோல் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஊரில் நானூறு பேர். காலையில் நீ தும்மினால், மத்தியானம் உன் வாசலில் சூப் சட்டி இருக்கும்."

அரைக் கதவு

பதினேழாம் துண்டு யோகனுடையது. ஐம்பத்தெட்டு வயது, பிரான்சில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து டைல்ஸ் பதிக்கிறவன். பாத்தியையும் டைல்ஸ் மாதிரி நூல் பிடித்துத்தான் வெட்டுவான். சித்திரைக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. போனும் எடுக்கவில்லை. ஒருநாள் நோர்பரியில் அவன் வீட்டுக்கே போனேன். மனைவி வசந்தி கதவைப் பாதி திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டா.

முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. பாரிசவாதம். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. நாக்குக் குழற என்னிடம் அவன் முதலில் கேட்டது, "கீரை முளைச்சிட்டுதே அண்ணை?" என்றுதான். பயிற்சி தர வருகிற பெண் காலைத் தூக்கச் சொன்னால் தூக்க மாட்டானாம். தோட்டத்துக்கு நடக்கவேண்டும் என்று வசந்தி சொன்னால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அங்குலம் தூக்குவானாம்.

பராமரிக்காத துண்டைக் கவுன்சில் எடுத்து, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். எங்கள் பட்டியலில் கடைசியாக இருப்பவர் இன்னும் பிறக்கவில்லை. எடுத்தால் எடுத்ததுதான். அதை எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டு வெளியே வர, வசந்தி வாசலில் என் கையைப் பிடித்தா. "ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ அண்ணை. பிள்ளைக்குக் கலியாணம் பேசுற நேரம். தேப்பனுக்கு இப்பிடியெண்டால் பரம்பரை வருத்தமெண்டு கதை கட்டிவிடுவாங்கள்."

பூமிக்கு லீவு

ஆனி மாதம் பரிசோதனை. கவுன்சிலில் இருந்து ஜெனிபர் என்ற அதிகாரி வந்தா. கையில் டாப்லெட், காலில் றப்பர் சப்பாத்து. ஒவ்வொரு துண்டாகப் படம் பிடித்துக்கொண்டு வர, எனக்குப் பதினொன்றிலேயே வியர்க்கத் தொடங்கிவிட்டது. பதினேழில் புல் என் இடுப்புக்கு நின்றது. ஒரு நரி அதற்குள்ளிருந்து எழும்பி, எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

"இது யாழ்ப்பாணத்து முறை," என்று என் வாய் தன்பாட்டில் சொல்லியது. "ஆறு வருஷம் உழைத்த பூமிக்கு ஏழாம் வருஷம் லீவு. ராசா காலத்து வழக்கம்." ஜெனிபர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா. கேட்டுவிட்டு மஞ்சள் கடிதம் ஒன்றை எழுதி என்னிடம் தந்தா. நாலு கிழமைக்குள் துண்டு திருந்தவேண்டும், இல்லாவிட்டால் பறிபோகும். போகிற போக்கில் திரும்பிக் கேட்டா: "லீவு பூமிக்கா, அவருக்கா?"

பைப்படி

மூன்று கிழமை போய்விட்டது. நாளுக்கு ஒன்றாக விழுங்கிய என் பிரஷர்க் குளிசை இரண்டானது. விடிய எழும்பிப் போய்ப் பதினேழில் தனியாகப் புல் பிடுங்கிப் பார்த்தேன். என் எழுபத்திரண்டு வயது நாரிமுள்ளு ஒரு பாத்தியோடு விடைபெற்றுவிட்டது. உதவி கேட்கலாம்தான். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கு நான் முன்னமே ஆளுக்கொரு பதில் சொல்லியிருந்தேன். கரோலுக்கு யோகன் கனடாவில். ஒன்பதாம் துண்டுத் தங்கத்துக்கு, ஸ்கொட்லாந்தில் ஒரு கோட்டைக்கு டைல்ஸ் பதிக்கிறான்.

பொய்யில் எனக்கு அனுபவம் போதும். ஆனால் சனம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது கதைக்கும் என்பதை மறந்துபோனேன். அன்று நான் வாளியோடு பைப்படிக்குப் போக, கரோலும் தங்கமும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். தங்கம் இடுப்பில் கையை வைத்தா.

"அண்ணை, கனடாவிலையும் ஸ்கொட்லாந்திலையும் ஒரே நேரத்திலை நிக்கிற மனிசன், மிச்சத்திலையும் வந்து நிண்டு புல்லுப் பிடுங்கலாமே?"

சனிக்கிழமை

நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் இருந்துவிட்டேன். சொல்லவும் ஏலாது, சொல்லாமல் விடவும் ஏலாது. கரோல் தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஊர்க்கதை ஒன்று சொன்னார். அவருடைய ஊரில் அறுவடை நேரம் ஒருவருடைய இயந்திரம் வயலில் இறங்காவிட்டால், அயலார் எல்லோரும் தங்கள் இயந்திரங்களோடு போய் ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டு வருவார்களாம். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் முறையாம். "எங்கடை சனம் கேக்காமல் இருக்குமோ?" என்று தங்கத்தைப் பார்த்தேன். "நான் வாயைப் பொத்திக்கொண்டு நிப்பன். மற்றவையின்ரை வாயையும் நான் பாக்கிறன்" என்றா. எல்லோரும் சேர்ந்து துண்டைத் திருத்தப்போவதை வசந்திக்குப் போனில் சொன்னேன். "சனம் கேக்குமே அண்ணை," என்று அழுவாரைப்போல் சொன்னா. கேட்காது என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

கெடுவுக்கு இரண்டு நாள் முன், சனிக்கிழமை, பதினாலு பேர் வந்தார்கள். மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, தள்ளுவண்டி. நானும் பயத்தின் வேகத்தில் ஒரு மூலையில் இறங்கி, பச்சையாய் நின்ற எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிந்தேன். போன வருஷம் உதிர்ந்த விதையில் தானாக முளைத்த யோகனின் கீரை அதற்குள் இருந்தது. தங்கம் ஓடி வந்து தலையில் கையை வைத்தா. "வன்னியிலை ரெண்டாயிரம் ஏக்கர் செய்தனீங்கள் எண்டீங்கள். முளைக்கீரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியேல்லையே?" நான் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். அதை அந்த இடத்தில் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பதினொரு மணிக்கு வசந்தி பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டி ரோல்ஸும் கொண்டு வந்து கேற்றடியில் நின்றா. ஒருவரும் கேட்கவில்லை. கரோல் கோப்பையை வாங்கி நன்றி சொன்னார். தங்கம் ரோல்ஸ் நல்ல உறைப்பென்றா. அவ்வளவுதான். வசந்தி பதினாலு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தா. பிளாஸ்கை மூடினா. வெட்டிக் கிடந்த கறுப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றவ, தானாகவே சொன்னா: "இவருக்கு வாதம் வந்திட்டுது. வலக்கை இன்னும் ஏலாது. ஒரு படம் எடுத்துத் தாங்கோ, கொண்டுபோய்க் காட்டப்போறன்."

முதல் பக்கம்

திங்கட்கிழமை ஜெனிபர் வந்தா. பதினேழில் பாத்திகள் நூல் பிடித்தமாதிரி, லீக்ஸ் நாற்று இரண்டு வரிசை. "பூமி லீவால் வந்துவிட்டதா?" என்றா. வாயில் ஒரு கதை ரெடியாகத்தான் நின்றது. ஆனால் வசந்தியே வாய் திறந்த பிறகு எனக்கு என்ன வெட்கம்? உண்மையைச் சொன்னேன். வாதம், அரைக் கதவு, கலியாணம், ஐயோவா, பதினாலு பேர், ரோல்ஸ். சொல்லி முடித்துவிட்டு, நான் இவ்வளவு நாளும் விட்ட கதைகளுக்குத் தண்டனையாக இதை நம்பமாட்டா, துண்டு போச்சு என்று நின்றேன்.

ஜெனிபர் டாப்லெட்டை மூடிக் கக்கத்துக்குள் வைத்தா. பிறகு என் கொட்டில் யன்னலைக் காட்டி, அந்தப் பச்சைக் கோப்பை எடுக்கச் சொன்னா. எடுத்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு யன்னல் தொம்மென்று விழுந்தது. அவ சொன்னது: "நோயாளிகளுக்கு ஒரு வருஷம் தவணை தரும் படிவம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நிரப்பினால், நோயின் பெயர் என்னைத் தாண்டி ஒருவருக்கும் போகாது."

கீரை

புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகன் வந்தான். ஒரு பக்கம் பொல்லு, மறுபக்கம் மகள். கேற்றில் இருந்து பதினேழுக்கு நாற்பது அடி தூரம். அதை நடக்க அவனுக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் பைப்படியில் ஒருவரும் வாளியைத் தூக்கவில்லை. கரோல் கதிரை கொண்டுவந்து வைத்தார். யோகன் இருந்து, லீக்ஸைப் பார்த்து, பாத்தி விளிம்பைப் பொல்லால் தட்டிப் பார்த்தான். பிறகு நான் பிடுங்கிய அந்த மூலையில் வந்து கண் நின்றது. நாக்குக் குழறல் போய்விட்டது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது: "ஆரண்ணை என்ரை கீரையைப் பிடுங்கினது?"

பதினாலு பேர் கேள்வி கேட்காமல் காப்பாற்றிய துண்டில் அவன் கேட்ட அந்த ஒரே கேள்விக்கு, நரி தின்றுவிட்டது என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். மிச்சத்து நரி கீரை தின்னாதென்று தங்கம் அவனுக்குச் சொல்லுமட்டும் என் பிரஷர்க் குளிசை இரண்டுதான். சொன்னால் மூன்று.