அணைப்பக்கத்துக்காரருக்கு எழுதிய கடிதம்

பாசன அலுவலகச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் காவிரி எங்கள் மாநில எல்லைக்கோட்டில்தான் பிறந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அப்பாவோடு மனு கொடுக்க வரிசையில் நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது: அந்த வெள்ளைக்குள்ளும் ஒரு விவசாயி இருப்பார். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று அவரிடமே கேட்டால் என்ன?

அவசரம் அப்பாவுடையது. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், வாய்க்காலின் கடைசியில் குத்தகை நிலம். போன வருடமும் தரிசு. இந்தக் குறுவையும் நடவில்லையென்றால் வேறு ஆளுக்கு விடுவதாக நிலக்காரர் சொல்லிவிட்டார். விதைத்தபின் தண்ணீர் வராவிட்டாலோ நாற்றங்காலிலேயே எல்லாம் கருகும்.

டீக்கடையில் யோசனையைச் சொன்னேன். கடைக்காரர்தான் ஆரம்பித்தார்.

“வாங்க, கர்நாடகா மந்திரி! மறிச்சவன்கிட்டயே போயி, எப்பங்க தொறப்பீங்கன்னு கேப்பியா? இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்புனாங்களா?”

பெஞ்சில் எப்போதும் சண்டைபோடும் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அணைக்கு அருகிலுள்ள ஓர் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு, யாராவது ஒரு விவசாயியிடம் கொடுக்கச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். பதில் கன்னடத்தில் வந்தது. எங்கள் பக்கம் யாருக்குப் படிக்கத் தெரியும்? தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, ஓர் உடுப்பி ஹோட்டல் கல்லாக்காரரிடம் நீட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நேரம் சரியில்ல தம்பி, கன்னடத்தச் சத்தமாப் படிக்க முடியாது, கிட்ட வாங்க. அவரும் வாய்க்கால் கடைசிதானாம். எப்பத் தொறப்பாங்கன்னு அவருக்கும் தெரியாதாம், பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறாராம். அப்பறம்... ‘நீங்க தண்ணிய சும்மா கடல்ல விடுறீங்களாமே, நெசமா?’ன்னு கேக்குறாரு.”

சுருக்கென்றது. திரும்பும் பஸ்ஸில் அந்தக் கோபத்தைக் காட்ட ஆளில்லை. ஊரில் சொன்னால் அவரைத் திட்டுவார்கள். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “தொறப்பாங்களாமா?”

“அவருக்கும் தெரியலப்பா.”

“அப்ப வெத ஊறப்போட வேணாம். நிலக்காரர்கிட்ட நானே சொல்லிட்டு வந்துடுறேன்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தார்.

பதில் எழுத உட்கார்ந்து, ‘பொய்’ என்று முதல் வரி எழுதி அடித்துவிட்டேன். உண்மையில் நான் போய்ப் பார்த்ததே இல்லை. ஐப்பசி மழையில் வடிகால் வழியாக முகத்துவாரம்வரை கூட்டிப்போக ஒரு படகுக்காரர் சம்மதித்திருக்கிறார். எவ்வளவு தண்ணீர், எதனால் போகிறது என்று பார்த்து அப்படியே எழுதப்போகிறேன். அதற்குள் கன்னட எழுத்தும் பழகவேண்டும். ஞாயிறு காலை, கூட்டம் வருமுன் வரச் சொல்லியிருக்கிறார் கல்லாக்காரர்.