ஒன்பதாவது தட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை சித்தியவானில் ஒரு துணை மின்நிலையத்தில் சோதனை வேலையில் இருந்தேன். கைப்பேசியை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். வெளியே வந்து பார்த்தால் பதினோரு அழைப்புகள். அம்மாவைக் கூப்பிட்டேன். "அஞ்சலை அத்த போயிட்டாங்கம்மா. மாரடைப்பு" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அறுபத்திரண்டெல்லாம் போகிற வயதா?

அஞ்சலை அத்தை அப்பாவின் ஒரே தங்கை. இருவரும் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர்கள். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறி வேலை குறைந்ததும் அத்தை ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சாதாரண வேலைக்குச் சேர்ந்தார். மாலை வகுப்புக்குப் போய், தேர்வில் மூன்று முறை தோற்று, நான்காம் முறை சார்ஜ்மேன் ஆனார். தொழிற்சாலையின் மின்சாரம் முழுவதும் அவர் பொறுப்பு. அந்தப் பிரிவில் வேறு பெண்ணே கிடையாது. "கரண்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாதுலா. தப்பாத் தொட்டா எல்லாரையுந்தான் தூக்கி அடிக்கும்" என்பார்.

பதினைந்து வயதில் நான் மூன்றாம் படிவம் முடித்த விடுமுறையில் எனக்குச் சடங்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவு வேண்டும் என்று நான். கணக்கியல் போதும் என்று அப்பா. "பொம்பளப் புள்ள ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்கணும்" என்று சொல்லி, பள்ளி விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அத்தையிடம் போய் அழுதேன். "பாரத்த எங்கிட்ட குடு" என்றார், அவ்வளவுதான்.

சடங்கன்று மண்டபத்துக்கு அத்தை சீர் கொண்டுவந்தார். பூ, பழம், பட்டு என எட்டுத் தட்டுகளை அப்பா அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார். ஒன்பதாவதில் டெஸ்ட் பேனா, குறடு, மல்டிமீட்டர். அடியில் அந்தப் பாரம். "என்னாலா இது, புள்ள பட்டற வைக்கப் போவுதா?" என்று யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. கூடப்பிறந்தவள் கொண்டுவந்த சீரில் ஒரு தட்டைத் தள்ளினாலும் உறவையே தள்ளியதாகிவிடும். அப்பா வாங்கிக்கொண்டார். பாரத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"சபையில வச்சி அசிங்கப்படுத்துறியா?"

"தனியாக் கேட்டா மறுத்துருவீங்கண்ணே."

அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இனி உங்கூடப் பேச்சு இல்ல" என்றார். சொன்னபடியே பத்தொன்பது ஆண்டுகள் பேசவில்லை.

அத்தையும் சளைத்தவரல்லர். என்னை டியூஷனுக்கு அழைத்துப் போகச் சனிதோறும் மோட்டார் சைக்கிளில் வருவார். வாசலுக்கு வராமல் முச்சந்தியில் நின்று ஹாரன் அடிப்பார். தீபாவளிக்கு அண்ணனுக்கு முறுக்கு கொடுத்தனுப்புவார். அப்பா தின்பார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்படி ஒரு வீம்பு! அதற்குள் அத்தையின் பெயர் உறவில் பரவிவிட்டது. "அஞ்சலை தட்டோட வந்துரும்லா" என்று பயந்தே சில அப்பாக்கள் முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பட்டம் வாங்கிய அன்று கேட்டேன்: "அன்னிக்குப் பயமா இல்லியா அத்த?"

"இல்லாம இருக்குமாடி? இருக்கிறது ஒரே அண்ணன். பேசமாட்டாருன்னு தெரியும். தெரிஞ்சுதான் தூக்கிட்டு வந்தேன்."

இன்றும் அதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவள் நான். அந்தத் துணிச்சல் எனக்கு வருமா என்பது சந்தேகம்தான்.

சாவுச் செய்தி வந்த மறுநாள் அத்தை வீட்டில் நல்ல கூட்டம். பாரிட் புந்தாரில் ஆய்வுக்கூடத்தில் இருப்பவள், காம்பாரில் கணினி படிப்பவள் என்று அவரால் படித்த பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மூடுகிற நேரத்தில் அப்பா எழுந்து வந்து தலைமாட்டில் குனிந்தார்.

"அஞ்சல, பாப்பா இப்ப பெரிய எஞ்சினியரு. மூணு ஸ்டேஷன் அவ பொறுப்புல இருக்கு. இருவது ஆம்பளைங்க, அவ சொன்னாத்தான் சுவிட்சத் தொடுவாங்களாம்..."

அத்தைக்கு இதெல்லாம் தெரியும். எதையும் முதலில் அவரிடம்தான் சொல்வேன். அண்ணன் வாயால்தான் கேட்டதில்லை. ஆட்கள் மூடியைத் தூக்கினார்கள். "நில்லுங்க, அப்பா இன்னும் பேசி முடிக்கல" என்றேன்.

அரை மணி நேரம் தாமதமாகத்தான் உங்களை அனுப்பினோம், அத்தை. போய் வாருங்கள்.