நீலச்சிறகு திரும்பி வருவாளா

எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில் ஒரு பெண் கடலில் விழுந்தாள். அவள் பிழைத்தாளா, செத்தாளா என்பதைத் தவிர வேறு எதையும் அந்த ஒரு மாதம் நானும் மாமா மகனும் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

அவள் பெயர் நீலச்சிறகு. சிறுவர் சேனல் ஒன்றில் திங்கள் முதல் வெள்ளி வரை சாயந்திரம் ஆறு மணிக்கு வந்த தொடரின் நாயகி. ஏதோ வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் பேசவைத்த தொடர் அது. அவளுக்குப் பதினாறு வயது. ஒரு துறைமுக ஊரில் பள்ளிக்கூடம் போவாள், கணக்கில் ஃபெயில் ஆவாள், அப்பாவிடம் திட்டு வாங்குவாள். ஆபத்தில் யாராவது கூப்பிட்டால் மட்டும் அவள் முதுகில் நீலநிறச் சிறகுகள் முளைக்கும். மூன்றாம் பாகத்தின் கடைசி நாளில், மூழ்கப்போன படகு ஒன்றைத் தூக்கிக் கரை சேர்த்த கையோடு ஒரு சிறகு முறிந்தது. அவள் சுழன்று சுழன்று கடலில் விழுந்தாள். திரை முழுக்க நீலம். அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'தொடரும்' என்று வந்தது.

அடுத்த திங்கட்கிழமை முகம் கழுவி, தலைவாரி, ஐந்தே முக்காலுக்கே டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் பாகத்தின் முதல் நாளைத் திரும்பப் போட்டார்கள். அதில் தனக்குச் சிறகு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

நாங்கள் கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அம்மா அப்பா இரண்டு பேருக்கும் நாவலூரில் வேலை. பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் விடுமுறை விட்டதும் செங்கல்பட்டில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாமா மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ் ஓட்டினார். அவர் மகனுக்குப் பதினாலு வயது. பென்சிலை வைத்து லேசாகத் தேய்த்ததுபோல மீசை வந்துகொண்டிருந்தது. நீலச்சிறகு சின்னப் பிள்ளைகள் பார்ப்பது என்று தன் சிநேகிதர்களிடம் சொல்வான். ஆனால் ஆறு மணிக்கு டிவிக்கு நேர் எதிரே யாரையும் உட்காரவிட மாட்டான்.

அவள் செத்துவிட்டாள் என்பது அவன் கட்சி. வருவாள் என்பது என் கட்சி. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைச் சுவரில் ஏறி உட்கார்ந்து வழக்கை ஆரம்பிப்போம். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். அன்றன்றைக்கு யார் கையில் தின்ன என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அவர்கள் கட்சி மாறுவார்கள்.

"அதான் தொடரும்னு போட்டாங்களே" என்பேன்.

"எல்லாத்துக்கும் தொடரும்னுதான் போடுவாங்க. அப்பதானே நீ சேனல மாத்தாம குந்தினு இருப்ப" என்பான் அவன்.

மாமாவின் போனை வாங்கி, அந்தக் கடைசிக் காட்சியின் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவான். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாம் பாகம் எடுக்கப்போவதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எடுத்து முடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர். அவளாக நடித்த பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள், இனி வேறு பெண் வருவாள் என்று மூன்றாமவர். உலகம் முழுக்க எங்கள் தெருவைப் போலவே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பேச்சு அடங்கியதும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அக்கரையில் மின்சார ரயில் போனால் அதே ரயில் தண்ணீருக்குள் தலைகீழாகப் போகும். நீலச்சிறகு விழுந்த கடல் இந்த ஏரிக்கு அடியில்தான் வந்து முடிகிறது என்று யாரும் சொல்லாமலே நான் நம்பினேன். அவள் கீழே மல்லாந்து படுத்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. முடி பாசிபோல மெல்ல அசைகிறது. ரயிலின் அதிர்வில் தண்ணீர் சிலிர்க்கும்போதெல்லாம் அவள் தூக்கத்தில் ஒருமுறை புரண்டு படுக்கிறாள். இதை மட்டும் நான் வாதத்தில் சேர்க்கவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதல்ல காரணம், சொன்னால் அவள் விழித்துவிடுவாள் என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை வழக்கு முற்றி நான் அவன் கையைக் கடித்துவிட்டேன். அவன் என் ஜடையைப் பிடித்து இழுத்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்த மாமா எழுந்து வந்தார்.

"இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீறீங்க? மனுசன் தூங்க வாணாமா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விஷயத்தைச் சொன்னோம். மாமா கேட்டுக்கொண்டே சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். பிறகு, பக்கத்துத் தெருவில் பால் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்குத் தமிழ்ல பேசுற அம்மா மாபலிபுரத்துலதான் கீறாங்க. நம்ம பஸ்ஸுல வர்ற சூப்பர்வைசர் சாரோட அக்கா. நாளைக்குக் கூட்டினு போறேன், அவங்களையே கேட்டுக்கங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

நாங்கள் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்பதுதான் சரி. நீலச்சிறகுக்குத் தமிழில் ஒருவர் குரல் கொடுத்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் தமிழில்தான் பேசுகிறாள் என்று எண்ணியிருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்து மலை ஜன்னலுக்கு வெளியே மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டியது. அதற்கப்புறம் பனைமரங்கள். அதற்கப்புறம் காற்றின் வாசனை மாறிவிட்டது. சிற்பக்கூடங்கள் இருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. கல்லில் உளி விழும் சத்தம் எங்கிருந்தோ விடாமல் கேட்டது. சூப்பர்வைசர் வாசலிலேயே எங்களை நிறுத்திக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்காவுக்குத் தொண்டைல ஆபரேசன் ஆயிருக்கு. அதிகம் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகிறாரு. பாத்து கேளுங்க, இன்னா?"

காய்ச்சல் வந்தால் குளிக்கக் கூடாது என்பார்களே, அந்த மாதிரி ஒன்று என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

உள்ளே இருந்து வந்தவருக்கு என் அம்மாவைவிட வயது அதிகம். கழுத்தில் ஒரு பருத்தித் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க" என்றார். அது சொல்லாக வரவில்லை. காகிதத்தைக் காகிதத்தில் உரசினால் வரும் சத்தமாக வந்தது.

வீடு மாறி வந்துவிட்டோம் என்று நினைத்தேன். நீலச்சிறகின் குரல் எனக்குத் தெரியாதா? ரோஸ்மில்க் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"நீங்கதான் நீலச்சிறகா, ஆன்ட்டி?"

மாமா மகன் முழங்கையால் இடித்தான். அவர் சிரித்தார்.

"மூணு வருசமா நான்தான். கணக்குல ஆறு தடவை ஃபெயில் ஆயிட்டேன்."

அது சரியான எண்ணிக்கை. நாங்களும் எண்ணி வைத்திருந்தோம். அதற்குப் பிறகு சந்தேகம் போய்விட்டது. அவர் நிறுத்தி நிறுத்தி, நடுவில் வெந்நீர் குடித்துக் குடித்துச் சொன்னார். இருட்டறையில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே அவள் வாய் அசைவதற்கு ஏற்றபடி பேச வேண்டும். அவள் ஓடினால் இவரும் நின்ற இடத்தில் மூச்சு வாங்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே பேசினால் இவர் வாயிலும் ஒரு வாழைப்பழத் துண்டு இருக்கும்.

"கடைசில கடல்ல விழுறப்ப ஒரு கத்தல் கத்துவா இல்ல, அதுக்கு ஒம்போது டேக். நான் கடைசியா கத்தினது அதுதான்."

மாமா மகன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு ஒன்பது டேக் என்பது பெருமையாக இருந்தது.

"அவ செத்துட்டாளா, அக்கா?" என்று அவன் கேட்டான். ஒரு மாதமாக அடித்துச் சொல்லிவந்தவன், அவள் செத்திருக்கக் கூடாது என்பதுபோலக் கேட்டான்.

"இல்லப்பா. நாலாம் பாகம் ஸ்டுடியோவுக்கு வந்தாச்சு. போன வாரம் போன் பண்ணாங்க."

நான் எழுந்து நின்றேன். என் கால்கள் தரையில் படாததுபோல இருந்தது. ஜெயித்தேன் என்று கத்த நினைத்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்லவந்ததைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"எனக்குக் குரல் திரும்ப ரெண்டு மாசமும் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம்கறாங்க. திரும்பாமலும் போகலாம். நான் காத்திருக்கச் சொன்னா காத்திருக்கறதா ஸ்டுடியோவுல சொல்றாங்க. நல்ல மனுசங்க. நான்தான் இன்னும் பதில் சொல்லல." அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. வேற யாராச்சும் அவளுக்குப் பேசினா பாப்பியா? இல்ல எனக்கு சரியாகற வரைக்கும் காத்திருப்பியா?"

பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல நான் உடனே பதில் சொன்னேன்.

"அவ்ளோ நாள்லாம் காத்திருக்க முடியாது ஆன்ட்டி. பறக்கிறது அவதானே. யார் பேசினா என்ன?"

மாமா மகன் என் காலை மிதித்தான். வலித்தது. அவனையும் கேட்கட்டும் என்று நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். அவர் அவனிடம் கேட்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றார். என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு பக்கத்தில் இருந்த போனை எடுத்து, நிதானமாக எதையோ டைப் செய்து அனுப்பினார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா மகனுக்கு அது தெரிந்திருக்கும். நான் ரோஸ்மில்க்கின் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அவரும் கடற்கரை வரை வந்தார். வெயில் மஞ்சளாகியிருந்தது. தூரத்தில் கோயில், ஈரமணலில் அதன் நிழல், நிழலின் மேல் அலை. காற்று என் பாவாடையை உப்பவைத்தது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பறப்பதற்கு முன் நீலச்சிறகு சொல்லும் வசனத்தைக் கத்திக்கொண்டே ஓடினேன். "காற்று என் பக்கம்." திரும்பிப் பார்த்தபோது, துப்பட்டாவைப் பிடித்தபடி நின்றிருந்த அவருடைய உதடும் அதே வசனத்துக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை. அலையின் இரைச்சலில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ஓடினேன். அவர் மறுபடி உதட்டை அசைத்தார். எத்தனை தடவை ஓடினேன் என்று நினைவில்லை. கடைசியில் மாமா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகும்வரை ஓடினேன்.

பஸ்ஸில் மாமா மகன் என்னைவிட்டுத் தள்ளி, முன் சீட்டில் போய் உட்கார்ந்தான். தோற்ற கோபம் என்று நினைத்து அவனை விட்டுவிட்டேன். ஜெயித்தவர்கள் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மாமாதான் நடுவில் ஒருமுறை, "இன்னாடா, கேட்டாச்சா? பேஜாரு வுட்டுதா?" என்றார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலாம் பாகம் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தது. கேளம்பாக்கத்து வீட்டில் பார்த்தேன். நீலச்சிறகு கடலுக்கு அடியிலிருந்து ஒற்றைச் சிறகோடு எழுந்து வந்தாள். முதல் நாள் அவள் வாயைத் திறந்தபோது யாரோ பக்கத்து வீட்டுப் பெண் பேசுவதுபோல இருந்தது. மூன்றாம் நாளே அது பழகிவிட்டது. இரண்டாவது வாரம் பழைய குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

அரையாண்டு விடுமுறைக்குச் செங்கல்பட்டு போனபோது மணி ஆறு தாண்டியிருந்தது. பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மாமா மகன் டிவிக்கு நேர் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீலச்சிறகு தன் அப்பாவிடம் ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை.

"சவுண்ட் வெக்கலியா?"

"வாணாம்."

"அப்ப என்ன சொல்றான்னு எப்படித் தெரியும்?"

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை வைத்தேன். கூடம் முழுக்கப் புதுக் குரல் நிறைந்தது. சண்டைக்கு வருவான் என்று ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவன் வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஏரிப் பக்கமாகப் போனான்.

அவன் எழுந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. நகர்ந்து அதில் உட்கார்ந்துகொண்டேன். அந்த இடம் அன்றுதான் முதன்முதலாக எனக்குக் கிடைத்தது. நன்றாகச் சாய்ந்துகொண்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.