மத்தியானத்தில் மட்டும் ஏறாத கியர்

திண்டுக்கல் ரோட்டில், சமயநல்லூர் வரை வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு விளாங்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியது முத்துலட்சுமி. நான் பக்கத்து சீட்டில், காலுக்கு நடுவே அவருடைய பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு திருப்பத்தில் நின்று மறுபடி கிளம்பும்போது வண்டி நகர மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமியது, வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்து, கண்ணாடியை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனார்.

"பாத்தீங்களாண்ணே, இதான். மத்தியானம் ஆனா இப்படித்தான் என்னய நடுரோட்ல நிப்பாட்டுது" என்றார் முத்துலட்சுமி. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் கியர் பாக்ஸ் வேலை பார்ப்பவன். விளாங்குடியில் சின்னப் பட்டறை. கஸ்டமரிடம் முகம் பார்த்துப் பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். நான் பேசாமல் இருந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். அன்று முத்துலட்சுமியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

வில்லாபுரத்தில் இருக்கிறார். வீடு வீடாகப் போய் வயசானவர்களிடம் ரத்தம் எடுத்து லேபில் கொடுப்பது அவர் வேலை. சின்ன வயதிலிருந்தே இடது கால் சூம்பிப்போய், கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றை வாங்கி ஓட்டுகிறார். வண்டி நின்றால் வேலையும் நின்றுவிடும்.

ஏற்கெனவே இரண்டு பட்டறையில் காட்டியிருக்கிறார். இரண்டு இடத்திலும் கியர் பாக்ஸ் உள்ளே தேய்ந்துவிட்டது, இந்த வண்டிக்கு இனி சாமான் கிடைக்காது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பின் சீட்டில் கூட வந்த தம்பி பாண்டிக்கும் அதே எண்ணம்தான். பாண்டி செல்லூரில் காருக்கு சீட் கவர், லைட் எல்லாம் போடுகிற கடை வைத்திருக்கிறார்.

"அக்கா, இன்னும் எம்புட்டு நாளைக்கு இதக் கட்டி அழுவ? வித்துட்டு ஆட்டோல போ."

"ரத்தம் எடுத்த டியூபோட ஒவ்வொரு தெருவுலயும் ஆட்டோவுக்கு நிப்பேனாடா? ஒன் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, ஓடுமா ஓடாதா, ஒத்த வார்த்தையில சொல்லிருங்க" என்றார்.

காலையில் நன்றாக ஓடுகிறது, வெயில் ஏறினால் மக்கர் பண்ணுகிறது. இதைக் கேட்டால் எந்த கியர் பாக்ஸ் மெக்கானிக்கும் ஒன்றைத்தான் சொல்வான். ஆயில் சூடாகி இளகுகிறது, பிரஷர் இறங்குகிறது, உள்ளே கியரைப் பிடிக்கிற பிளேட் தேய்ந்திருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டறைக்கு வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் பார்க்கிற டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். பிளேட் கருகியிருந்தால் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடிக்கும். இங்கே ஆயில் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஸ்கேனரை மாட்டினேன். கியரை மாற்றும் கம்ப்யூட்டருக்கு வருகிற கரண்ட் சற்றுமுன் குறைந்ததாகப் பதிவாகியிருந்தது. இந்த வண்டியில் கரண்ட் குறைந்தால் கம்ப்யூட்டர் கியர் மாற்றுவதை விட்டுவிடும். பாக்ஸ் மூன்றாவது கியரில் நின்றுகொள்ளும், மெதுவாக வீடு போய்ச் சேரலாம். நின்று கிளம்பும்போது வண்டி திணறியதற்குக் காரணம் அதுதான். ஆனால் கரண்ட் ஏன் குறைகிறது?

எஞ்சின் ஓட ஓட, அந்தக் கம்ப்யூட்டருக்கு வருகிற வயரின் முனையில் மீட்டரை வைத்தேன். பதினான்கு வோல்ட், குறையே இல்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒன்பதுக்கு இறங்கியது.

"ம்மா, இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. வேர்த்து ஊத்துச்சு, ஃபேனப் போட்டேன்."

வண்டியில் ஏ.சி. போய் ரொம்ப நாளாகிறது. டேஷ்போர்டில் சின்ன ஃபேன் ஒன்று மாட்டியிருந்தார்கள். அதை அணைக்கச் சொன்னேன், பதினான்கு. போடச் சொன்னேன், ஒன்பது. காலையில் யாரும் ஃபேன் போடுவதில்லை. வெயில் கியர் பாக்ஸை ஒன்றும் செய்யவில்லை, முத்துலட்சுமியை ஃபேன் போட வைத்தது, அவ்வளவுதான்.

ஃபேனின் வயர் டேஷ்போர்டில் இருந்த முருகன் படத்துக்குப் பின்னால் போனது. படத்தைச் சுற்றி மினுங்கும் விளக்கு. இரண்டும் ஒரே இடத்தில் உள்ளே இறங்கின.

"அந்த ரெண்டு பட்டறையிலயும் ஸ்பீக்கரு, ரிவர்ஸ் லைட்டு எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாங்கண்ணே. சாமி லைட்ட மட்டும் யாரும் தொடல" என்றார் முத்துலட்சுமி.

எனக்கும் கை போகவில்லை. கையெல்லாம் கிரீஸ் வேறு. "நீங்களே எடுத்துக் கொடுங்கம்மா" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு, படத்தை எடுத்துப் பின் சீட்டில் வைத்தார்.

பாண்டி பக்கத்தில் வந்தார். "அண்ணே, அது நான் போட்டது. சாவி போட்டா சாமிக்கு லைட்டு எரியணும், எடுத்தா அணையணும். டெஸ்ட் லேம்ப் வச்சுத் தேடுனேன், அதுக்குத் தோதா ஒரு வயரு சிக்குச்சு. கொஞ்சம் சீவி முறுக்கி விட்டேன். அப்பறம் ஃபேனையும் அதுலயே குடுத்தேன்."

அந்த வயர்தான் கியர் கம்ப்யூட்டருக்குப் போகிற வயர். டேஷ்போர்டுக்குக் கீழே இடது பக்கம் இருக்கும் மூடியைக் கழற்றினேன். தீய்ந்த வாடை முகத்தில் அடித்தது. முறுக்கிய இடத்தில் டேப் உருகி ஒழுகியிருந்தது. வயர் ஒரு சாண் நீளத்துக்குக் கரி, உள்ளே ஒன்றிரண்டு இழைதான் மிச்சம்; ஃபேன் இழுத்தால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் மிஞ்சாது. பிளாஸ்டிக் மூடியின் உள்பக்கம் கொப்பளித்து வளைந்திருந்தது. ஃபியூஸைப் பிடுங்கினேன். பத்து ஆம்ப் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது; வயர் கருகினாலும் அது அறுகாது.

"அடிக்கடி போச்சுண்ணே, அதான் பெருசாப் போட்டேன்" என்ற பாண்டியின் குரல் இறங்கிவிட்டது.

அந்த மூடிக்கு நேர் கீழே, அதை ஒட்டினாற்போல் முத்துலட்சுமியின் பை இருந்தது. சற்றுமுன் நான் காலுக்கு நடுவே வைத்திருந்த அதே பை. ஜிப் திறந்திருந்தது. உள்ளே பஞ்சுக் கட்டும் ஸ்பிரிட் பாட்டிலும். ஒரு பொறி விழுந்தால் போதும். பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

முத்துலட்சுமி அந்தக் கரி வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெனமும் அங்கதான்டா வைப்பேன்" என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னார்.

கருகினதை வெட்டியெறிந்து, புது வயர் வைத்து சால்டர் பண்ணி, சரியான ஃபியூஸ் போட்டேன். விளக்குக்கும் ஃபேனுக்கும் தனி லைன், தனி ஃபியூஸ். ஸ்கேனர் காட்டிய பழைய பதிவை அழித்துவிட்டு, அதே மத்தியான வெயிலில், ஃபேனைப் போட்டுக்கொண்டே சமயநல்லூர் வரை மறுபடி போனோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஏறுவது தெரியாமலே ஏறியது.

"அப்ப கியர் பாக்ஸு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்து நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பாண்டி பட்டறை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து யாரையோ போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன ஆயுத பூஜைக்கு டாக்ஸி ஸ்டாண்டில் கூட்டாளிகள் வண்டிக்கெல்லாம் சாமி லைட்டை இலவசமாக மாட்டிக் கொடுத்தாராம். எல்லாம் இதே மாதிரி முறுக்கல்தான், கேட்டவர்களுக்கு ஃபேனும் அதிலேயே. "மாப்ள, வண்டிய ஓரங்கட்டு. சாமி லைட்டு வயரப் பிடுங்கு. ஏன் எதுக்குன்னு கேக்காத, பிடுங்கிட்டுப் பேசு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. பாண்டி திரும்பத் திரும்ப அடித்தார். கடைசியில் அந்த ஆள் எடுத்தார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"என் ஆட்டோமேட்டிக் வண்டி எங்கிட்ட இல்ல மாப்ள. மத்தியானம் ஆனா கியர் விழுக மாட்டேங்குதுன்னு பட்டறையில விட்ருக்கேன். பாக்ஸ எறக்கிக்கிட்டு இருக்காங்க."

பாண்டி என்னைப் பார்த்தார். நான் போனைக் கையில் வாங்கினேன். முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசுவது எனக்கு ஆகவே ஆகாது. அன்று பேசினேன். "எறக்க வேணாம், நிப்பாட்டச் சொல்லுங்க. இந்தா, நான் வாரேன்."

இப்போதெல்லாம் கியர் ஏறவில்லை என்று யார் வந்தாலும் டிப் ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். வண்டி வாங்கினதுக்கு அப்புறம் இதில் புதுசாக என்னென்ன மாட்டினீர்கள் என்று. சொல்லும்போது சாமி லைட்டை விட்டுவிடுவார்கள். அதையும் கேட்க வேண்டும்.