அப்பா சாடை

என் நாத்தனார் நேல்ச்சேக்கு ஐம்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் அவள் மூக்கு.

எங்கள் மீன்பிடி ஊரான கட்வைக்கில் சில குடும்பங்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஏதோ புரதம் படிந்து, குழாய் இற்றுப்போய், ஐம்பதையொட்டி ஒரு நாள் ரத்தம் கசியும். நேல்ச்சேயின் அப்பா வலை சீர்செய்துகொண்டிருந்தபடியே சாய்ந்தார். அந்தக் காலத்தில் செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் இன்ன நோய் என்பார்கள். இருப்பவர்களில் அடுத்தது யார் என்று ஊர்தான் சொல்லும். அப்பா சாடை எந்தப் பிள்ளைக்கோ, அதற்கே நோயும். அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போதே பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நேல்ச்சேக்கு அப்பா மூக்கு. தம்பி லேண்டர்ட் அம்மாவை உரித்து வைத்தவர். நான் அவரைக் கட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன்? மூன்று பெற்றேன். நேல்ச்சே மீன் கூடத்தில் ஹெரிங் சுத்தம் செய்துகொண்டே காலத்தை ஓட்டினாள். அவளுக்குத் தலை வலித்தால் போதும், வீடே வாயடைத்துப்போகும். கைக்குழந்தையைக் கொடுக்கும்போது, “உக்காந்து வாங்கிக்குங்கக்கா” என்பேன். விழுந்து தொலைத்தால்? அவளும் பேசாமல் உட்காருவாள். எனக்குத்தான் எவ்வளவு கல்நெஞ்சு!

போன வசந்தத்தில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் குடும்பங்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பழைய கசிவெல்லாம் ஸ்கேனில் கரும்புள்ளியாகத் தெரியுமாம். ரத்தத்தில் மரபணுவும் பார்ப்பார்களாம்.

“தெரிஞ்ச சேதிக்கு எதுக்குடி டெஸ்ட்டு?” என்றாள் நேல்ச்சே.

“நானும் வரேன்க்கா. என் மண்டைக்குள்ள ஏதாவது இருக்கான்னு இவளுக்கு ரொம்ப நாளா சந்தேகம்” என்றார் அவர்.

முடிவை மூன்று பேரும் சேர்ந்தே கேட்கிறோம் என்று சொல்லிவிட்டோம். டாக்டரம்மா இரண்டு படங்களைத் திரையில் போட்டார். ஒன்று சுத்தம். இன்னொன்றின் பின்பக்கமெல்லாம் மிளகு தூவியதுபோல் புள்ளிகள்.

“புள்ளி வச்சதுதானே என்னோடது?”

“இல்லம்மா. அது உங்க தம்பியோடது. உங்களுக்கு அந்த மரபணுவே இல்ல.”

“படம் மாறிப்போச்சு!” நான் கத்திவிட்டேன். “இவரு அம்மா சாடை, டாக்டர்!”

“சாடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. நோய் இருக்கறவங்களோட ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

லேண்டர்ட் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நேல்ச்சே சுவரைப் பிடித்துக்கொண்டாள். “முப்பது வருஷமா செத்துச் செத்துப் பொழைச்சேன். யாருக்காகடி?”



ஞாயிறு, தேவாலயம் முடிந்து மூன்று பிள்ளைகளும் சூப்புக்கு வந்தார்கள். டாக்டரம்மா சொன்னது காதில்தான் இருந்தது. ஆனாலும் கண் கேட்கவில்லை. மூத்தவனின் நெற்றி, நடுவுள்ளவளின் தாடை, கடைக்குட்டியின் காது என்று ஒவ்வொன்றாகப் போனது.

மேஜைக்கடியில் நேல்ச்சே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“அப்படிப் பாக்காதடி. நீ பாக்கறது அவங்களுக்குத் தெரியும்.”