கணு வைத்த கட்டை

எடுத்தவுடன் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோணலாகத்தான் போகும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தக் கை கொழுந்து பறித்ததே தவிர பேனா பிடித்ததில்லை. மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாயக்கட்டை விஷயத்தில் மட்டும் எனக்குத் தப்பு வராது. அதை அறுத்துத் தேய்த்துப் புள்ளி சுட்டவள் நான்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே. தோட்டத்தில் கங்காணி வீட்டுப் பேரன் ஒருவன் இருக்கிறான். நாற்பது வயது தாண்டிவிட்டது. வெள்ளைக்காரர்கள் சுற்றிப்பார்க்க வரும் எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் சில வருஷம் இருந்துவிட்டு, கழுத்தில் மரமணி மாலையும் உச்சியில் கொண்டையுமாகத் திரும்பி வந்தான். வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் இயற்கைதான். "இயற்கைய நாம மறந்துட்டோம் பெரியம்மா" என்பான். அட்டைக்கு ரத்தம் கொடுத்து, மழையில் ஊறி முதுகு வளைந்தவளுக்கு இயற்கையை ஞாபகப்படுத்த வந்த ஆள். நான் தலையை ஆட்டிவைப்பேன். எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

இயற்கைச் சாமான்களில் தாயக்கட்டை செய்து வெள்ளைக்காரர்களுக்கு விற்பது அவனுடைய யோசனை. தாயக்கட்டை என்று சொன்னால் முகம் சுளிப்பான்.

"தாயக்கட்ட இல்ல பெரியம்மா, டைஸ். அங்க பெரிய பெரிய ஆளுங்க மேசையச் சுத்தி ஒக்காந்து ராட்சசன் கத வச்சி வெளயாடுவாங்க. ஒரே உருட்டுல ராட்சசன் சாவான்."

"வேல வெட்டி இல்லாதவங்களா தம்பி?"

"டாக்டருங்க, இன்ஜினியருங்க!"

வேலை இல்லாத நாட்களில், லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் தாயம் ஆடுவார்கள். அதற்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக் கொடுப்பது நான்தான். என் கொட்டைகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவன் காதுக்குப் போயிருக்கிறது. என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

முதலில் கித்துள் கொட்டை, கூந்தல்பனை என்பார்களே அது. படம் எடுப்பதற்காகப் பழத்தை இரண்டு கையாலும் அள்ளிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டான். கித்துள் பழத்தின் சாறு பட்டால் எப்படி அரிக்கும் என்று தோட்டத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, வரவேண்டும் என்று நான் பெரிதாக முயலவும் இல்லை. மூன்று நாள் கன்னத்தைச் சொறிந்துகொண்டு திரிந்தான். இயற்கை அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

அடுத்து பட்டர் புரூட் கொட்டை. அவன் அவகாடோ என்பான். ஈரத்தில் சவர்க்காரம் மாதிரி அழகாக வெட்டுப்படும். காய்ந்தால் சுருங்கிக் கோணிவிடும் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவன் கேட்கவில்லை. அனுப்பிய கட்டைகள் போய்ச் சேர்வதற்குள் வெடித்து, அம்மை கண்ட முகம் மாதிரி ஆகிவிட்டன. வாங்கியவன் படம் பிடித்து அனுப்பிக் கேட்டிருக்கிறான். "அது இயற்கை விடுற மூச்சு" என்று இவன் பதில் எழுதினானாம். அவனே பெருமையாக என்னிடம் சொன்னான். வாங்கினவன் அதை நம்பினானாம். இரண்டு பேரில் யாரை நினைத்துச் சிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மாட்டுக் கொம்பு வந்தது. அறுக்கும்போது மயிர் கருகிய நாற்றம். மருமகள் இரண்டு நேரம் என் கையால் சோறு வாங்கமாட்டேன் என்றாள்.

வேலையில் அவன் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அவன் கையில் ஃபோன், என் கையில் அரம். கட்டையோடு என் கையை மட்டும் படம் எடுப்பான். முகம் வேண்டாமாம், சுருக்கம் விழுந்த கைக்குத்தான் மதிப்பாம். "கையால் செய்தது" என்று எழுதுவான். யார் கையால் என்று எழுதமாட்டான்.

கடைசியில் தேயிலை வேர். நான் சின்ன வயதிலிருந்து நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த ஒரு மலையின் செடிகளையெல்லாம் பிடுங்கி, தூரையெல்லாம் விறகுக்குப் போட்டிருந்தார்கள். அதில் நல்ல வேராகப் பார்த்து எடுத்துவந்து அடுப்புக்கு மேலே காயப்போடுவேன். சின்ன ரம்பவாளால் சதுரமாக அறுப்பேன். முதலில் இஸ்தோப்புச் சிமெந்தில் தேய்த்து, பிறகு அரத்தாளில் தேய்த்து, குடைக்கம்பியைச் சிவக்கக் காய்ச்சிப் புள்ளி சுடுவேன். அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டை கொடுத்திருந்தான். ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் ஆறு, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு நாலு. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. கற்றுக்கொடுக்க அவனுக்கு ஒரு காலை முழுக்கத் தேவைப்பட்டது.

தேயிலை வேரில் அங்கங்கே கணு விழும். கறுத்து, கல் மாதிரி இருக்கும், அரத்தாள் வழுக்கும். கணுவை ஒதுக்கித்தான் அறுக்கவேண்டும். அவனுக்கோ கணுதான் வேண்டும்.

"அது தேயிலையோட கண்ணு பெரியம்மா. அதையே ஒத்தப் புள்ளியா வச்சிடுங்க. சுடவே வேணாம். இயற்கையே வச்ச புள்ளி."

வைத்தேன். எண்ணெய் போடுமுன் தூள் போக ரோஸ் நிறப் பேசின் தண்ணீரில் கழுவினேன். கட்டை மிதந்தது. கணு கனமாக இருந்ததால் அந்தப் பக்கம் கீழே போய், ஆறு மேலே வந்தது. விரலால் அமுக்கிப் புரட்டி விட்டேன். தூக்கத்தில் புரளும் பிள்ளை மாதிரி மெதுவாகத் திரும்பி மறுபடியும் ஆறு. தரையில் உருட்டினாலும் அடிக்கடி அதே ஆறு. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தான்.

"யாரு பெரியம்மா உருட்டிப் பாக்கப் போறா? கண்ணாடி அலுமாரியில வச்சி அழகு பாப்பாங்க."

அத்தோடு நானும் விட்டுவிட்டேன். கணு வைத்த கட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. ராட்சசர்கள் எல்லாம் ஆறு விழுந்தே செத்திருப்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் புது வீடுகள் கட்டி முடிந்தன. எங்கள் லயத்தின் சுவர் பிளந்து நாலு வருஷமாகிறது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தோடு ஆட்களை மூடியதற்குப் பிறகு, மழை பெய்தால் எங்களில் யாரும் காலை நீட்டிப் படுப்பதில்லை. எங்களோடு சேர்த்து ஆறு குடும்பத்துக்கு ஆறு வீடு. ஒன்றாம் வீடு ரோட்டோரம். அதிலிருந்து வரிசையாக இறங்கினால் கடைசியில் ஆறாம் வீடு. அதை மட்டும் மலையை வெட்டிய மேட்டுக்கு முதுகைக் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். வெயில் காலத்திலும் அந்த மேட்டின் அடியில் ஈரம் கசியும். ஆறு குடும்பமும் அதைப் பார்த்திருந்தது. வாய்விட்டு யாரும் பேசவில்லை. எல்லாரும் மனதுக்குள் மற்றவனை அங்கே குடிவைத்துவிட்டார்கள், நானும்தான்.

யாருக்கு எந்த வீடு என்று சீட்டுப் போட்டுக் கொடுப்பதாக இருந்தது. அதில் போய்த் தலையைக் கொடுத்தான் கங்காணி பேரன். சீட்டு பழைய காலத்து வேலையாம். நம் தேயிலை வேரிலேயே செய்த டைஸை உருட்டினால் இயற்கையே வீட்டைக் கொடுத்த மாதிரி இருக்குமாம். வீடு கொடுக்க வந்த பெரியவர்களுக்கும் அது பிடித்துவிட்டது. கேமராவில் நன்றாக விழும் அல்லவா?

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. எலுமிச்சம்பழம் அளவில் பெரிதாக ஒரு கட்டை வேண்டும், கணு பளிச்சென்று தெரியவேண்டும், அலுமாரியில் வைக்க என்றுதான் என்னிடம் வாங்கிப் போனான்.

வீடு கொடுக்கும் அன்று பகல் கோயிலுக்கு முன்னால் மேடை. மேசையில் நிறைகுடம், பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் பூவுக்கு நடுவே என் கட்டை. சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்கு மணி அடித்துக் கற்பூரம் காட்டினார் பூசாரி. நான் சிமெந்துத் தரையில் தேய்த்த கட்டை. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வழியைச் சொன்னார்கள்: தோட்டத்துச் சம்பளப் பதிவான பழைய செக்ரோல் நம்பர் வரிசையில் ஒவ்வொரு குடும்பமாக வரவேண்டும். எந்த எண் விழுகிறதோ அந்த வீடு. வந்த எண்ணே வந்தால் மறுபடி உருட்டவேண்டும். கடைசிக் குடும்பத்துக்கு மிஞ்சிய வீடு.

முதல் நம்பர் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரிக்கு. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். கடைசி நம்பர் என் மகனுக்கு.

எனக்கு உடனே கணக்கு விளங்கிவிட்டது. முதலில் உருட்டுகிறவளுக்கு ஆறு விழும். அவளும் பிள்ளைகளும் மேட்டுக்கு அடியில் போவார்கள். அதன்பிறகு எது விழுந்தாலும் என் மகனுக்கு அந்த வீடு வராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

அவள் மேடையில் ஏறி, கட்டையை இரண்டு கையிலும் பொத்திக் கண்ணை மூடினாள். பிள்ளைகள் கீழே நின்று, "அம்மா, ஒண்ணு போடு, ஒண்ணு போடு" என்று கத்தின. அந்தக் கட்டையில் ஒன்று என்பது கீழேயே போகும் கணு என்று எனக்குத் தெரியும்.

எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவ மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேசின் வைத்திருந்தார்கள். அவள் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி அதில் போட்டேன். சந்தனம் கரைந்தது. கட்டை மெதுவாகப் புரண்டு ஆறைக் காட்டியது.

"பெரியம்மா! என்னா செய்றீங்க? சாமிக்குக் காட்டினத! எறங்குங்க கீழ!" கங்காணி பேரனின் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

நான் அவனைப் பார்க்கவில்லை. வீடு கொடுக்க வந்தவர்களில் காற்சட்டை மடிப்புக் கலையாத ஒரு பெரியவரைப் பார்த்து, "அமுக்கிப் பாருங்க ஐயா" என்றேன். அவர் விரலால் அமுக்கினார். ஆறு. மறுபடி அமுக்கினார். ஆறு.

"இது என்னம்மா?"

"கணு கனமுங்க. அது கீழதான் போகும். நாந்தான் செஞ்சேன். இவருக்கும் தெரியும்."

"எனக்கென்னா தெரியும்? இயற்கையான பொருள்னா கொஞ்சம் முன்ன பின்ன..." என்று அவன் இழுத்தான்.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருத்தர், "வெள்ளக்காரனுக்குக் குடுத்ததையே எங்களுக்கும் குடுத்திட்டியே ராசா!" என்று கத்தினார். சிரிப்பு கிளம்பிவிட்டது. பூசாரியும் சிரித்தார். கற்பூரம் காட்டியவர் அவர்தான் என்பதை மறந்துவிட்டார்.

அவன் சூது செய்தான் என்று நான் சொல்லவரவில்லை. சூது செய்வதற்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டும். நான் காட்டியதை அன்றைக்கே மறந்துபோனான், அவ்வளவுதான். உள்ளே வெறும் காற்று. அதற்கு மேலே ஒரு கொண்டை.

காகிதத்தைக் கிழித்துச் சீட்டு எழுதி, ஒரு செம்பில் போட்டுக் குலுக்கினார்கள். பக்கத்துக் காம்பராக்காரிக்கு இரண்டு. ஆறு என் மகனுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகன், "சந்தோசமாம்மா? ஊரு முன்னுக்கு நல்ல பேரு எடுத்திட்டீங்க. இனி வந்து மேட்டுக்குக் கீழ படுங்க" என்றான். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. பக்கத்துக் காம்பராக்காரி ரொட்டி சுட்டால் இரண்டு கொண்டுவந்து தருகிறாள். அதைச் சாப்பிடும்போது என் மகன் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

எனக்கு இப்போது கோபம் கங்காணி பேரன் மேல் இல்லை. அவன் இன்னும் கணு வைத்த கட்டை விற்கிறான், யாரையோ பிடித்துச் செய்விக்கிறான். "ஒரு ஊரின் தலைவிதியைச் சொன்ன டைஸ்" என்று எழுதுகிறானாம். எழுதட்டும். எனக்கு இளக்காரமாகப் படுவது அந்த மேடையைச் சுற்றி நின்ற நாங்கள்தான். கட்டையா சீட்டா என்று அவ்வளவு சத்தம் போட்டோம். ஆறாம் வீட்டை ஏன் அங்கே கட்டினீர்கள், யாரை அங்கே படுக்கவைக்கப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் என் முகத்துக்கு நேரே நின்றார். வாழ்நாளில் ஒரு தடவை வாய் திறந்தேன். அதையும் கட்டையைப் பற்றிப் பேசி முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆறாம் வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மேட்டுக்கு மேலே ஒரு வெடிப்பு ஓடுகிறது. குடி வந்த புதிதில், மிச்சமிருந்த சின்னக் கட்டை ஒன்றை அதன் வாயில் வைத்துப் பார்த்தேன். உள்ளே போகாமல் விளிம்பில் நின்றது. போன மழைக்குப் பிறகு அதே அளவில் இன்னொன்றை அதே இடத்தில் வைத்தேன். உள்ளே விழுந்துவிட்டது, விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மகனிடம் சொன்னேன். கட்டைப் பேச்சை இனி எடுக்காதீர்கள் என்றான்.

இதைப் படிக்கிறவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். யாருக்கு எத்தனையாம் நம்பர் வந்தது, பூசாரி எப்போது சிரித்தார் என்பதிலெல்லாம் நான் தடுமாறியிருக்கலாம்; தோட்டத்தில் யாரையாவது கேட்டுச் சரிபாருங்கள். வெடிப்பில் விழுந்த கட்டையின் அளவையும் சரிபார்க்கவேண்டும். பிளாஸ்டிக் கட்டையை வைத்துப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் ஒரே அளவாக அறுத்தேன். ஆனால் இது ஒன்று சின்னதாகப் போயிருந்தாலும் போயிருக்கும், எனக்குக் கண் மங்கல். அளக்கத் தெரிந்த ஒருவர் அளவுகோலோடு வந்து மேட்டின் மேல் ஏறி, நான் தப்பாகச் சொல்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். மழை தொடங்குவதற்கு முன்னால் வந்தால் நல்லது.