செலஸ்டின் அக்காவின் ஐந்து கொம்புப் பெட்டி

“ஒங்க வூட்டு பெட்டிக்கு எத்தன கொம்பு, டீச்சர்?”

செலஸ்டின் அக்கா இதைக் கேட்டபோது அவருடைய உதடுகளுக்கிடையில் குண்டூசிகள் இருந்தன. ஊசியைக் கடித்துக்கொண்டே தெளிவாகப் பேச அவரால் முடியும். என் சட்டையின் தோள்பட்டையை இழுத்துப் பிடித்துக் குறி போட்டபடி பதிலுக்குக் காத்திருந்தார். எங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் ஆண்டெனாக்களை நான் எண்ணியதே இல்லை. “ரெண்டோ மூணோ” என்றேன். “பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றார், கழுத்தளவு சொல்லாமல் துணி கொடுத்தவரிடம் பேசுவதுபோல.

ஜித்ராவில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் எனக்கு எதிர்வீடு. பள்ளிச் சீருடை, மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அங்கி, கல்யாண ரவிக்கை எல்லாம் தைப்பார். தையல் மெஷின் இருப்பது சமையலறையையும் தாண்டிய கடைசி அறையில். பகலிலும் விளக்குப் போட வேண்டும். முன்கூடம் காலியாகக் கிடக்க ஏன் அங்கே போய் அடைந்துகொள்கிறார் என்று கேட்டால், “பழகிப்போச்சுலா” என்பார்.

பழைய தொலைபேசிக் கம்பியில் வந்த இணையத்தை எடுத்துவிட்டு ஃபைபருக்கு மாற எழுதிக் கொடுத்திருந்தார். குழப்பம் அங்கே தொடங்கியது. கம்பெனி ஒரு பெட்டி தருமாம். வேண்டுமானால் சொந்தமாகவும் வாங்கி வைக்கலாமாம். மோடமும் ரௌட்டரும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவருக்கு இரண்டும் வேறு என்று தெரிந்தது பேரிடி. “ஒண்ணு வெளிய இருந்து கொண்டாருமாம், இன்னொண்ணு வூட்டுக்குள்ள பங்கு போடுமாம். வூட்ல நான் ஒருத்திதான இருக்கேன்? யாருக்குப் பங்கு? ஒரே பெனிங் டீச்சர், தல சுத்துது” என்று இரண்டு நெற்றிப்பொட்டையும் அழுத்திக்கொண்டார்.

இணையம் அவருக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான். அந்தப் பின்னறையில் உட்கார்ந்து தங்கை ஜானிஸோடு வீடியோவில் பேச.

ஜானிஸுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிடாம் கிரி பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பிள்ளைகள். காது கேளாதவர்களுக்குப் பள்ளி உண்டு என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஜானிஸ் எழுதப் படிக்காமலே வளர்ந்தாள். அக்காவும் தங்கையுமாகக் கையால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். மூக்கின் ஓரத்தைத் தொட்டால் அம்மா. முழங்கையைச் சொறிந்தால் மழை. கல்யாணமாகிக் கடல் தாண்டி மீரிக்குப் போன பிறகு, அவள் கணவர் கேப்ரியலும் அதில் கொஞ்சம் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரர். பாதி நாள் கடலில்.

ஆக, படம் தெளிவாக வந்தால்தான் பேச்சு. கை அசைவது நின்றுவிட்டால் சொல் பாதியில் தொங்கும். போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. ஜானிஸ் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். படம் அப்படியே உறைந்துபோனது. மறுபடி கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. செலஸ்டின் அக்கா ஓட்டமாக என் வீட்டுக்கு வந்தார். “டீச்சர், ஜானிஸ் முழுகாம இருக்கா! நாப்பத்தெட்டு வயசுல! ஆண்டவரே!” அழுதார், சிரித்தார், அன்று சாயங்காலமே மெல்லிய மஞ்சள் துணி வாங்கிக் குழந்தைச் சட்டை ஒன்று வெட்டினார். கேப்ரியல் கரைக்கு வந்து போன் செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பித்தப்பையில் கல். ஆப்பரேஷன் செய்ய வேண்டும்.

வெட்டிய சட்டையைத் தைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. மறுநாளே ஃபைபருக்கு எழுதிக் கொடுத்தார்.

அலோர் ஸ்டாரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பஷீரின் கடைக்கு என் காரில்தான் போனோம். பஷீர் பொறுமைசாலி. “கம்பெனி குடுக்கறதே போதும்க்கா. கொம்பு அஞ்சு இருந்தா அஞ்சு மடங்கு வராது.”

“பின்வூட்டு ரூம் வரைக்கும் வரணும் தம்பி.”

“அப்ப அஞ்சு கீகா அலைவரிசை சரிப்படாது. அது வேகம், ஆனா செவுரு தாண்டாது. ரெண்டு புள்ளி நாலு மெதுவு, அது தாண்டும்.”

செலஸ்டின் அக்கா என்னைப் பார்த்தார். “வேகமா ஓடறவன் ஏன் செவுரு தாண்ட மாட்டேங்கறான், டீச்சர்?”

“மெஷ் போட்டுருங்கக்கா. அங்கங்க ஒரு குட்டிப் பெட்டி வச்சா வூடு முழுக்க வரும்.”

“மெஷினுதான் வூட்ல இருக்கே.”

“மெஷின் இல்லக்கா, மெஷ்...” பஷீர் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்தார்.

கடைசியில் அக்கா வாங்கியது ஐந்து கொம்புப் பெட்டி. பார்க்க நண்டைக் கவிழ்த்துப் போட்டாற்போல் இருந்தது. காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். “தப்பா வாங்கிட்டேனோ?” என்று வழியெல்லாம் கேட்டார்.

ஃபைபர் பொருத்த வந்த மலாய்க்காரர் முன்கதவுக்குப் பக்கத்தில் மோடத்தை மாட்டி, நண்டை அதோடு இணைத்தார். பின்னறைக்குக் கொண்டுபோக முடியுமா என்று அக்கா கெஞ்சிக் கேட்டார். கேபிள் எட்டாது என்று கையை விரித்துவிட்டுப் போனார் அவர். கூடத்தில் இணையம் பறந்தது. பின்னறையில் சிக்னல் ஒற்றைக் கோடுதான். அக்கா கொம்புகளை நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், பஷீருக்குப் போன் செய்தார். “மெஷ்” என்றார் அவர் மறுபடியும்.

அக்கா மெஷின் முன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மெஷினத் தூக்கி முன்னாடி போட்டுட்டா என்னக்கா?” என்றேன்.

அக்கா மெஷின் சக்கரத்தை லேசாக உருட்டினார். பிறகு சொன்னார்: “சின்னதுல நாங்க கையாட்டிப் பேசுனா லயத்துப் புள்ளைங்க எல்லாம் கூடிரும் டீச்சர். கொரங்கு வித்தைன்னு கைத்தட்டும். பெரியவங்களும் சிரிப்பாங்க. நான் அவள இழுத்துக்கிட்டு எங்கியாச்சும் பின்னாடி போய்ருவேன். முன்னாடி வச்சு அவகிட்ட நான் பேசுனதே இல்ல.”

அப்போது போன் அடித்தது. ஜானிஸ், ஆஸ்பத்திரிக் கட்டிலில். மறுநாள் காலையில் ஆப்பரேஷன். படம் வந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது, நின்றது. அவள் கை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ நின்றிருந்தது. அக்கா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சமையலறைக்கு வந்தார், படம் துடித்தது. கூடத்தில் கால் வைத்ததும் தங்கையின் முகம் பளிச்சென்று தெளிந்தது.

போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் பேசத் தொடங்கின. நான் எதிர்வீட்டில் இருந்தும் இத்தனை நாளில் பார்க்காத வேகம்.

பள்ளி விட்ட நேரம். கேட்டுக்கு வெளியே இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திக் காலூன்றி, பாதி மூடியிருந்த திரைச்சீலையின் இடைவெளியில் உள்ளே பார்த்தார்கள். ஒருவன் மற்றவனை இடித்தான். அக்கா கண்டுகொண்டார். கைகள் மடியில் இறங்கின.

திரையில் ஜானிஸ் கண்களுக்கு மேல் உள்ளங்கையைக் குவித்து, தலையை ஆட்டினாள். இருட்டு, உன் கை தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம் என எனக்கே புரிந்தது.

செலஸ்டின் அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனார். மூடப் போகிறார் என்று நினைத்தேன். திரைச்சீலையை இரண்டு கையாலும் பற்றி, கம்பியின் கடைசி வரைக்கும் இழுத்து ஒதுக்கினார்.